தனியாகப் பேசிய தகடு: ரிவெட் அடித்த ஓர் இறக்கைப் பெட்டியின் அதிர்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நான்கு இறுதியாண்டு மாணவர்கள் செய்த திட்டப்பணி இது. வழிகாட்டி நான். இதில் நடந்த இரண்டு பெரிய தவறுகளில் ஒன்று என்னுடையது. மற்றதை மாணவர்கள் செய்தார்கள், நான் கையெழுத்துப் போட்டேன்.

விமான இறக்கையை ஒரே கட்டையாகக் கடைந்து எடுப்பதில்லை. வெளியே மெல்லிய தகட்டு உறை. அது நெளியாமல் இருக்க நீளவாக்கில் ஸ்ட்ரிங்கர்கள், குறுக்கே ரிப்கள், முன்னும் பின்னும் சுமை தாங்கும் ஸ்பார்கள். நம் ஊர் கீற்றுக் கொட்டகை மாதிரிதான்: கீற்று தானாக நிற்காது, மூங்கிலும் வரிச்சும் சேர்ந்துதான் அதைக் கூரையாக்குகின்றன.

இத்தனை உறுப்புகள் இருந்தாலும், அதிர்வுக் கணக்கு என்று வந்தால் வடிவமைப்பின் தொடக்கத்தில் இறக்கையை ஒரு பீமாகச் சுருக்கிவிடுவது பழைய வழக்கம். ஒரு கோடு, அதன் ஒவ்வொரு இடத்திலும் இவ்வளவு வளைவு விறைப்பு, இவ்வளவு முறுக்க விறைப்பு, இவ்வளவு எடை. காற்றில் இறக்கை படபடத்து உடையும் அபாயத்தைச் சோதிக்க நூற்றுக்கணக்கான முறை கணக்கை ஓட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பீம் சிக்கனமானது. இந்தச் சுருக்கம் எது வரை செல்லும், எங்கே கைவிடும் என்று ஒரு சிறிய பெட்டியைச் செய்து பார்ப்பதுதான் மாணவர்களின் நோக்கம்.

பெட்டி

ஆடிப்பெருக்கு முடிந்து வேலை தொடங்கியது. நீளம் 1.2 மீட்டர், அகலம் 200 மி.மீ., உயரம் 50 மி.மீ. மேலும் கீழும் 24 கேஜ் அலுமினியத் தகடு, அதாவது 0.56 மி.மீ. இரண்டு ஸ்பார்களும் 1.2 மி.மீ. தகடு. நான்கு மூலைகளிலும் 15 மி.மீ. ஆங்கிள். மேல் தகட்டுக்கு நடுவில் ஒரு ஸ்ட்ரிங்கர், கீழ்த் தகட்டுக்கு ஒன்று. 300 மி.மீ.க்கு ஒன்றாக ஐந்து ரிப்கள். ஆக, ஒவ்வொரு முகத்திலும் 100க்கு 300 மி.மீ. அளவில் எட்டுக் கட்டங்கள், இரண்டு முகத்துக்கும் 16. இந்த 16 கட்டங்கள்தான் பின்னால் கதையே.

மடிப்பதும் ரிவெட் அடிப்பதும் எங்கள் பட்டறையில் சரியாக வரவில்லை. மெல்லிய தகட்டில் துளை போட்டால் பிசிறு நின்றது, மடிப்பில் அலை விழுந்தது. அதனால் கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறையை நாடினோம். தலைமுறையாகத் தவலையும் அண்டாவும் செய்தவர், வயது அறுபதுக்கு மேல். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூடி ரெண்டு பக்கமும் இருக்கா? அப்ப உள்ள கைய விட்டு எப்படி அடிக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் யோசித்தே இராத கேள்வி. கடைசித் தகட்டை மட்டும் வெளியிலிருந்தே அடிக்கும் பாப் ரிவெட்டால் மூடுவது என்று முடிவானது. ரிவெட்டுக்கு ரிவெட் 30 மி.மீ. இடைவெளி. ஐப்பசி மழையில் இரண்டு வாரம் தள்ளிப்போய், கார்த்திகையில் பெட்டி வந்து சேர்ந்தது. எடை சரியாக 2 கிலோ.

முதல் கணக்கு

பெட்டியின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து மறுமுனையை விட்டுவிட்டால் அது எந்தெந்த அதிர்வெண்ணில் ஆடும் என்பதுதான் கேள்வி. முதலில் 18ஆம் நூற்றாண்டின் ஆய்லர்–பெர்னூலி பீம், அப்புறம் 1921இல் டிமோஷென்கோ தந்த திருத்தம். முதலாவது, குறுக்குவெட்டு சமதளமாகவும் பீமின் அச்சுக்குச் செங்குத்தாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவைக்கும் வெட்டுவிசையால் அந்தச் செங்குத்து கொஞ்சம் சாயலாம் என்று அனுமதிக்கிறது. நீண்ட அலையுள்ள முதல் அதிர்வில் இரண்டுக்கும் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள். இரண்டாவது வளைவில் 258 ஹெர்ட்ஸ் 247ஆக இறங்கியது.

கணக்கு போட்ட மாணவி பலகையில் எழுதிய நான்கு எண்கள்: மேல்-கீழ் முதல் வளைவு 41 ஹெர்ட்ஸ், பக்கவாட்டு வளைவு 142, முறுக்கம் 234, மேல்-கீழ் இரண்டாம் வளைவு 247. முறுக்கத்தை மூடிய மெல்லிய குழாய்க்கான பிரெட் சூத்திரத்தில் எடுத்திருந்தார்.

இரண்டு பீம்களுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு. குறுக்குவெட்டு நகரும், சாயும், திரும்பும்; ஆனால் அதன் வடிவம் மாறாது. மேல் தகட்டின் ஒரு கட்டம் மட்டும் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பி எழுவதை எழுதிவைக்க இந்தச் சமன்பாடுகளில் இடமே இல்லை. இது எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

சுத்தியலால் தட்டிய நாள்

மார்கழித் தொடக்கத்தில் சோதனை. தடித்த எஃகுத் தகட்டில் பெட்டியின் வேர்முனையை போல்ட் போட்டு, அந்தத் தகட்டை ஆய்வகத்தின் கான்கிரீட் மேடையில் பொருத்தினோம். விசை அளக்கும் சுத்தியலால் தட்டி, ஸ்பார் விளிம்பில் ஒட்டிய ஆக்சிலரோமீட்டரில், அதாவது அதிர்வை அளக்கும் சென்சாரில், பதிலை எடுத்தோம். சுத்தியலுக்கு ரப்பர் முனை போட்டிருந்தார்கள், மெல்லிய தகடு குழிந்துவிடுமோ என்ற பயத்தில்.

கிடைத்த வரைபடத்தில் முதல் முனை, அதாவது முதல் சிகரம், 36.5 ஹெர்ட்ஸில். இரண்டாவது 126இல். இரண்டும் கணக்கைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவு. அதற்கு மேல் 196இலிருந்து 238 வரை ஒரு புதர். எட்டோ ஒன்பதோ முனைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒவ்வொரு தட்டலுக்கும் உயரம் மாறிக்கொண்டு. முறுக்கத்துக்கு 234இலும் இரண்டாம் வளைவுக்கு 247இலும் இரண்டு சுத்தமான முனைகளை எதிர்பார்த்திருந்தோம். அப்படி எதுவும் தனியாகத் தெரியவில்லை.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்ததிலிருந்து எங்கள் பக்கம் வானம் அவ்வப்போது அதிரும். "சார், மேலே போன பிளேனா இருக்கும்" என்றார் ஒரு மாணவர். சிரித்துவிட்டு விட்டோம். ஆனால் நான் சொன்ன காரணமும் அதைவிடப் பெரிதாகத் தேறவில்லை.

எடுத்த இரண்டு முடிவுகள்

முதல் முடிவு என்னுடையது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 100, 150, 200, 250 எல்லாம் மோசமாகத் தரையிணைத்த கருவியில் வந்து உட்காரும். ஆய்வகத்தில் ட்யூப் லைட், மின்விசிறி, பக்கத்து அறையில் கம்ப்ரெசர். புதர் 200ஐச் சுற்றியே இருந்ததால் "கரண்ட் இரைச்சல்" என்று தீர்மானித்தேன். இரண்டு நாளில் முதல் மதிப்பாய்வு. 180 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடச் சொன்னேன். முறுக்கத்தைப் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். சுத்தியலைத் தொடாமல் ஒரு பதிவு எடுத்துப் பார்த்தால் மின்சாரக் கோடுகள் அப்படியே இருக்கும், பெட்டியின் முனைகள் காணாமல் போகும். அந்த அரை நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

இரண்டாவது முடிவு மாணவர்களுடையது. 41ஐ 36.5ஆக்க வேண்டும். அதிர்வெண், பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தின் வர்க்கமூலத்தோடு மாறும். அலுமினியத்துக்குப் போட்டிருந்த 70 கிகாபாஸ்கலை 55 ஆக்கினால் முதல் முனை அச்சாகப் பொருந்துகிறது. அதே 55இல் பக்கவாட்டு வளைவும் 142இலிருந்து 126க்கு இறங்கி அளவோடு ஒட்டிக்கொண்டது. ஒரே மாற்றத்தில் இரண்டு எண்கள் சரியானால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? "உள்ளூர்க் கடைத் தகடு, தரம் குறைவு" என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது.

அலுமினியக் கலவைகளில் வலிமை கலவைக்குக் கலவை பல மடங்கு மாறும். விறைப்பு அப்படி மாறாது. எந்தக் கடையில் வாங்கினாலும் 70ஐ ஒட்டித்தான் இருக்கும். 55 என்றால் அது அலுமினியமே இல்லை. அந்த வரியைப் படித்தேன், தாண்டிப்போனேன். மதிப்பாய்வில் பாராட்டு கிடைத்தது.

பட்டறைக்காரர் வந்தது

பாக்கிப் பணம் வாங்க அந்தப் பெரியவர் ஆய்வகத்துக்கு வந்தார். மேடையில் நீட்டிக்கொண்டிருந்த பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மடக்கிய நடுவிரலால் ஸ்பார் ஓரத்தில் தட்டினார், கம்மென்று ஒரு சத்தம். கையை நான்கு விரற்கடை உள்ளே தள்ளி, கட்டத்தின் நடுவில் தட்டினார். டங்கென்றது.

"ஓரத்துல தட்டுனா பெட்டி பேசுது தம்பி. நடுவுல தட்டுனா தகடு தனியாப் பேசுது" என்றார். பிறகு வரிசையாக ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே போனவர், மேல் முகத்தில் மூன்றாவது ரிப்பைத் தாண்டியதும் நின்றார். "இங்க மட்டும் சத்தம் இறங்கியிருக்கு. பையன் ரிவெட்ட விட்டுட்டான் போலருக்கு."

குனிந்து எண்ணினோம். அந்தக் கட்டத்தின் ஒரு விளிம்பில் ஒன்று விட்டு ஒன்றாக நான்கு ரிவெட்டுகள் இல்லை. துளைகூடப் போடவில்லை. குடம் விரிசல் விட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் காதுக்கு அது கேட்டது. நாங்கள் அதே தகவலை வடிகட்டிப் போட்டிருந்தோம்.

அவர் போனதும் சுத்தியலைத் தொடாமல் ஒரு பதிவு எடுக்கச் சொன்னேன். 50, 100, 150இல் மெல்லிய கோடுகள், 200இல் இருக்கிறதா இல்லையா என்று ஒன்று. புதர் இல்லை.

கோலமாவு

இப்போது கேள்வி மாறியது. 196க்கும் 238க்கும் நடுவே எத்தனை பேர் பேசுகிறார்கள், எது தகடு, எது பெட்டி?

கட்டத்தின் நடுவில் ஆக்சிலரோமீட்டரை ஒட்டிப் பார்த்தார்கள். முனை 150ஐ ஒட்டிப் போய் விழுந்தது. காரணம் எளிது: 100க்கு 300 மி.மீ. தகட்டுக் கட்டத்தின் மொத்த எடையே 45 கிராம். அதன் முதல் அதிர்வில் உண்மையாகப் பங்கெடுக்கும் எடை அதில் கால்பங்குதான். அதன் தலையில் 10 கிராம் சென்சாரை ஏற்றினால் அளப்பது வேறு ஒரு பொருளை. கனமான சென்சார் ஸ்பாரில்தான் இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே கைப்பேசியின் மைக்கைப் பிடித்து, விரலால் சுண்டி, ஒலியைப் பதிவு செய்தோம். 16 கட்டங்களும் 196 முதல் 238 வரை சிதறிக் கிடந்தன. ரிவெட் விட்டுப்போன கட்டம்தான் 196.

காகிதத்தில் இதைச் சரிபார்க்கலாம். நான்கு விளிம்பும் கீல் போலத் திரும்ப விட்டால் அந்தக் கட்டத்துக்கு 150 ஹெர்ட்ஸ் வரும். நான்கு விளிம்பும் அசையாமல் இறுகினால் 320ஐ ஒட்டி. ஸ்பார் பக்கம் விறைப்பு அதிகம், ஸ்ட்ரிங்கர் பக்கம் குறைவு. ஆக உண்மை நடுவில் எங்கோ இருக்க வேண்டும், இருந்தது. பத்து நிமிடக் கணக்கு. இதை ஆவணியிலேயே போட்டிருந்தால் புதர் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

மாணவிகளில் ஒருவர் கோலமாவு கொண்டுவந்தார். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போடும் ஒருவரிடமிருந்து வாங்கிய ஸ்பீக்கரைப் பெட்டிக்கு அடியில் வைத்து, மெதுவாக அதிர்வெண்ணை ஏற்றினோம். முதல் நாள் அவசரத்தில் எடுத்தது அரிசிமாவு. அது கட்டத்தின் நடுவில் போய்க் குவிந்தது. எல்லோருக்கும் குழப்பம், அசையாத இடத்தில்தானே மாவு சேர வேண்டும்? மறுநாள் கல்மாவு. 211 ஹெர்ட்ஸில் மேல் முகத்தின் ஒரு கட்டத்தில் மட்டும் மாவு துள்ளத் தொடங்கி, நடுவை விட்டு விலகி, ரிவெட் வரிசையையும் ஸ்ட்ரிங்கர் கோட்டையும் ஒட்டி வெள்ளைக் கம்பியாக நின்றது. பக்கத்துக் கட்டத்தில் தூவிய மாவு தூவியபடியே கிடந்தது.

இந்த மாவு வடிவங்களை கிளாட்னி 1787இல் எழுதிவைத்தார். மிக நுண்ணிய தூள் மட்டும் எதிர்ப்பக்கம் போவது ஏன் என்பதை 1831இல் ஃபாரடே விளக்கினார்: அதிரும் தகட்டின் மேல் எழும் காற்றோட்டம் நுண்தூளை நடுவுக்கு இழுத்துச் செல்கிறது, பருந்தூளை அதனால் தூக்க முடிவதில்லை. அரிசிமாவு தவறு அல்ல, அது காட்டியது வேறு ஒன்றை. திட்டப்பணிக்கு அவசியமில்லாத விஷயம்தான், ஆனால் அன்று மாலை முழுக்க அதிலேயே போயிற்று.

தகடுகள் தனியாக அடையாளமானதும் மீதி இரண்டு முனைகளைப் பிடிப்பது சுலபமானது. முன் ஸ்பாரில் ஒரு சென்சார், பின் ஸ்பாரில் ஒரு சென்சார். சுத்தியலுக்கு நைலான் முனை, ஏனென்றால் ரப்பர் முனை 150க்கு மேல் போதிய சக்தியைத் தருவதில்லை. 222 ஹெர்ட்ஸில் இரண்டு ஓரமும் ஒன்றாக ஏறி இறங்கின: இரண்டாம் வளைவு. 230இல் ஒன்று ஏற மற்றது இறங்கியது: முறுக்கம். 211இல் இரண்டுமே ஏறக்குறைய சும்மா இருந்தன.

55 கிகாபாஸ்கல் உடைந்த இடம்

யங் குணகம் 55 என்றால் இரண்டாம் வளைவு 219 வர வேண்டும். அளவு 222. பரவாயில்லை, பொருந்துகிறது. முறுக்கம்? 55இல் 207 வர வேண்டும். அளவு 230. இங்கேதான் சட்டி உடைந்தது. 70இலேயே விட்டிருந்தால் 234.

இதில் ஒரு கண்ணியும் இருந்தது. 207க்கு இரண்டு பக்கமும் 203, 211 என்று தகட்டு முனைகள் நின்றன. கோலமாவும் இரட்டைச் சென்சாரும் இல்லாமல் புதரை மட்டும் பார்த்திருந்தால், 211ஐ முறுக்கம் என்று பெயர் சூட்டி 55ஐ இன்னும் உறுதியாக்கியிருப்போம்.

சந்தேகம் தீர, மிச்சமிருந்த தகட்டிலிருந்து 300 மி.மீ. நீளப் பட்டை ஒன்றை வெட்டி, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைச் சுண்டி, கைப்பேசியில் மெதுவோட்ட வீடியோ எடுத்தார்கள். 10 விநாடிக்கு 51 ஆட்டம். 70 கிகாபாஸ்கலுக்கு 5.1 ஹெர்ட்ஸ், 55க்கு 4.5. தகட்டின் மேல் குற்றமில்லை.

அப்படியானால் வளைவுகள் இரண்டும் ஏன் 11 சதவீதம் இறங்கின? முறுக்கம் ஏன் இறங்கவில்லை? பிடிமானத்தைப் பார்த்தோம். எஃகுத் தகட்டின் மேலும் கீழும் 150 மி.மீ. இடைவெளியில், நுண்ணிய அசைவை அளக்கும் இரண்டு டயல் கேஜ் வைத்து, பெட்டியின் நுனியில் 15 கிலோ எடையைத் தொங்கவிட்டோம். "அசையாது" என்று நாங்கள் சத்தியம் செய்த தகடு 11 கோடு சாய்ந்தது. ஒரு கோடு 0.01 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான், ஆனால் கணக்கில் போட்டால் பிடிமானம் ஒரு ரேடியனுக்குச் சுமார் 2.4 லட்சம் நியூட்டன் மீட்டர் விறைப்புள்ள ஒரு சுருள்வில். அந்த வில்லைப் பீமின் வேரில் வைத்து, யங் குணகத்தை 70க்கே திருப்பினால் முதல் வளைவு 36.8.

வேரில் இப்படி ஒரு வில் இருந்தால் முதல் வளைவும் இரண்டாம் வளைவும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் இறங்கும். குணகத்தைக் குறைத்தாலும் அப்படியேதான். அதனால் வளைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பொருளில் குறையா பிடிப்பில் குறையா என்று பிரிக்க முடியாது. பெட்டியை நீள அச்சில் திருப்பும் முறுக்கத்துக்கு இந்தச் சாய்வு பொருட்டே இல்லை. பிரித்துக் காட்டக்கூடிய ஒரே சாட்சி முறுக்கம். அது 180க்கு மேலே இருந்தது.

புதிய மாதிரி

தை பிறந்ததும் கணக்கைத் திரும்ப எடுத்தோம். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாத் தகட்டையும் சிறு சிறு தகட்டுத் துண்டுகளாக, அதாவது ஷெல் எலிமென்ட்டாக, வலை போடுவது. இன்னொன்று, பீமாகவே வைத்துக்கொண்டு அதன் குறுக்குவெட்டுக்கு வடிவம் மாறும் சுதந்திரத்தைக் கொடுப்பது.

இரண்டாவது வழிக்கு டூரின் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த எராஸ்மோ கரேரா வளர்த்த ஒருங்கிணைந்த கட்டமைப்பு கைகொடுக்கிறது. நீளவாக்கில் வழக்கமான பீம் எலிமென்ட்தான். ஆனால் குறுக்குவெட்டின் ஒவ்வொரு புள்ளியும் எப்படி நகர்கிறது என்பதைப் பல்லுறுப்புக்கோவைகளால் விரித்து எழுதலாம். குறுக்குவெட்டு முழுவதுக்கும் ஒரே டெய்லர் விரிவாக்கம் எடுத்தால், படியை ஏற்ற ஏற்ற நெளிவும் உருக்குலைவும் உள்ளே வரும். ஆனால் ஒரே ஒரு கட்டம் மட்டும் உப்புவதைப் பிடிக்க மிக உயர்ந்த படி வேண்டும். அதற்குப் பதிலாகக் குறுக்குவெட்டைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்பது புள்ளி லாக்ராஞ்சு கோவையை வைக்கலாம். தகடு ஒரு துண்டு, ஸ்ட்ரிங்கர் ஒரு துண்டு, ஸ்பார் ஒரு துண்டு, ரிப் நிற்கும் இடத்தில் முழு வெட்டும் நிரம்பிய ஒரு குட்டைப் பீம். எல்லாவற்றுக்கும் தெரியாத எண்கள் வெறும் இடப்பெயர்ச்சிகளே என்பதால், ஸ்ட்ரிங்கரின் அச்சு தகட்டிலிருந்து இத்தனை மி.மீ. தள்ளி என்று கைக்கட்டு எதுவும் போட வேண்டியதில்லை. தொடும் இடத்தில் புள்ளியைப் பகிர்ந்துகொண்டால் போதும். உறுப்பு உறுப்பாகக் கட்டுவதால் இதைக் கூறுவாரி முறை என்று எங்களுக்குள் அழைத்தோம்.

இந்த வழியைத் தேர்ந்ததற்கு முதல் காரணம், திட்டப்பணியின் தலைப்பே பீம் மாதிரிதான். இரண்டாவது, நிரலை மாணவர்களே ஆக்டேவ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் எழுத முடியும், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியும். மென்பொருளில் பொத்தானை அழுத்தி வரும் வண்ணப்படத்தை நான் அதிகம் நம்புவதில்லை. அந்தப் படம் தப்பாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கும்.

முதல் ஓட்டத்தில் தகட்டு அதிர்வுகள் 400க்கு மேல் வந்தன. பெட்டியின் அதிர்வுகள் சரியாக இருந்தன, தகடுகள் மட்டும் இரட்டிப்பு விறைப்பாக நின்றன. 0.56 மி.மீ. தடிப்பில் 50 மி.மீ. அகலத் துண்டு என்றால் அது வளைய மாட்டேன் என்று பூட்டிக்கொள்கிறது. இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் இது பழைய வியாதி. ஒரு கட்டத்தின் அகலத்துக்கு இரண்டு துண்டு என்று இருந்ததை நான்காக்கி, வெட்டுவிசைப் பகுதிக்கு மட்டும் குறைந்த தொகையிடல் புள்ளிகளை எடுத்ததும் 205இலிருந்து 240க்குள் இறங்கின. இதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். பிழை நிரலில் இல்லை.

விளைவு

வேரில் அளந்த சுருள்வில், குணகம் 70, விட்டுப்போன நான்கு ரிவெட்டுகளையும் அடித்த பின் அளந்த எண்கள். இந்த மூன்றையும் வைத்து இறுதி ஒப்பீடு. முதல் வளைவு கணக்கில் 36.8, அளவில் 36.5. பக்கவாட்டு வளைவில் பிடிமானத்தை அந்தத் திசையில் தனியாக டயல் கேஜால் அளந்து போட்டோம், 127, 126. இரண்டாம் வளைவு 225, 222. முறுக்கம் 231, 230. தகட்டு அதிர்வுகளில் கொத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது பொருந்தியது. எந்தக் கட்டம் எந்த எண் என்று ஒன்றுக்கொன்று பொருத்த முடியவில்லை. ரிவெட் அடித்த 16 கட்டங்கள் அச்சாக ஒன்றாக இருக்க முடியாது. மாதிரியில் ரிவெட்டே கிடையாது, தொடர்ச்சியான ஒட்டுதான். ரிவெட் விட்டுப்போன கட்டம் மட்டும், சரி செய்த பிறகு 196இலிருந்து 209க்கு ஏறியது.

அதிர்வு வடிவங்களையும் ஒப்பிட்டோம். இரண்டு வடிவங்கள் எவ்வளவு ஒத்தவை என்று 0க்கும் 1க்கும் இடையே சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு. முதல் இரண்டுக்கும் 0.98க்கு மேல். முறுக்கத்துக்கு 0.91, ஏனென்றால் அதோடு சேர்ந்து நான்கைந்து தகடுகளும் ஆடுகின்றன. அளவு இறங்கியதை மாணவர்கள் குறையாக எழுதியிருந்தார்கள். நான் அடித்துவிட்டேன். முறுக்கமும் தகடும் கைகோத்து ஆடுவதுதான் அங்கே உண்மை. பழைய பீமில் தெரிந்த "தூய முறுக்கம்" இந்தப் பெட்டியில் கிடையாது.

தெரியாத எண்களின் கணக்கு: கூறுவாரிப் பீமில் சுமார் 24,000. ஒப்பீட்டுக்குப் போட்ட ஷெல் மாதிரியில் 65,000. முடிவுகள் ஒன்றுக்கொன்று 2 சதவீதத்துக்குள். இந்த ஒரு பெட்டிக்கு ஷெல் மாதிரியே போதுமா என்று கேட்டால், போதும். இன்றைய கணினிக்கு 65,000 ஒரு பொருட்டில்லை. ரிப் இடைவெளியையும் ஸ்ட்ரிங்கர் எண்ணிக்கையையும் மாற்றி மாற்றி ஐம்பது முறை ஓட்டும்போது வித்தியாசம் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் வலையைத் திரும்பப் போட வேண்டியதில்லை, குறுக்குவெட்டில் ஒரு துண்டைச் சேர்த்தால் முடிந்தது. ஒவ்வொரு முகத்திலும் ஸ்ட்ரிங்கரை இரண்டாக்கிப் பார்த்ததில் தகட்டுக் கொத்து 400ஐத் தாண்டிப் போய்விட்டது. முறுக்கமும் இரண்டாம் வளைவும் தனித்தனியாக, சுத்தமாக நின்றன. எடை கூடியது 180 கிராம்.

முதல் மதிப்பாய்வு அறிக்கையைத் திருத்தாமல், அதன் பின்னாலேயே திருத்தப் பக்கத்தை வைத்துத்தான் இறுதி அறிக்கை போனது. "தரம் குறைந்த தகடு" என்ற வரிக்குக் கீழே 51 ஆட்டம் என்ற எண் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த இரண்டு பக்கத்தில்தான் அதிக நேரம் செலவழித்தார். வண்ணப்படங்களை அவர் புரட்டக்கூட இல்லை.

மறுபடி செய்தால்

பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே தகட்டுக் கட்டத்தின் அதிர்வெண்ணைக் கையால் போட்டுவிடுவேன். அது பீம் தரும் எண்களுக்குக் கீழேயோ நடுவிலேயோ விழுந்தால், பழைய பீமை முதல் ஓரிரு அதிர்வுகளுக்கு மேல் நம்பக் கூடாது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

தட்டாத பதிவு ஒன்று, ஒவ்வொரு சோதனை நாளின் முதல் வேலையாக. இதை இப்போது ஆய்வகக் கரும்பலகையில் எழுதிவைத்திருக்கிறோம். வடிகட்டி போடுவது என்றால் காரணத்தோடு யாராவது ஒரு மாணவர் எனக்கு விளக்க வேண்டும், நான் சொன்னேன் என்பது காரணமாகாது.

பிடிமானத்தை டயல் கேஜ் வைக்காமல் "இறுக்கம்" என்று எழுதவிட மாட்டேன். பொருளின் குணகத்தைத் தொட்டால், ஒரு பட்டையை வெட்டித் தனியாக அளந்த பிறகுதான். ஒரே திருகலில் இரண்டு எண்கள் பொருந்தினால் மூன்றாவது எண்ணைத் தேடச் சொல்வேன், அதுவும் வேறு குடும்பத்து எண்ணாக. வளைவு இரண்டு பொருந்தினால் முறுக்கத்தை.

தணிவை, அதாவது அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதை, நாங்கள் சரியாக அளக்கவில்லை. ரிவெட் இணைப்பு எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்பது அடுத்த அணிக்கு விட்ட வேலை. அவர்கள் பெட்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போய், மேல் முகத்து மூன்றாவது ரிப்புக்கு அப்பால் உள்ள கட்டத்தில் அதே நான்கு ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்திருக்கிறார்கள். இந்த முறை வேண்டுமென்றே.